காலியாக இருந்த எண்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கிக் காய்ச்சி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாசலில் பூனைக்கு ஊற்றினேன். கால் லிட்டர் பாக்கெட்டும் கடையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க இன்னும் வாய் வரவில்லை. சட்டையைத் தேய்க்காமல் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அந்த நாள் அப்படித்தான் தொடங்கியது. இது நான் கட்டிய கதை இல்லை. கட்டுவதென்றால் எனக்கு ஆறுதலாக ஏதாவது கட்டியிருப்பேன்.

நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் திருநாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் ஒரு யூனிட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. என் மனைவி ரெஜினாவும் அங்கேதான் இருந்தாள். சூளையிலிருந்து வரும் பொம்மைகளைத் தன் போனில் படம் எடுத்து அனுப்புவது அவள் வேலை. ஜூலையில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் இறந்துவிட்டாள்.

அதன் பிறகு நான் நிறைய விடுப்பு எடுத்தேன். முதலாளி விருத்தகிரி முதலில் பொறுத்தார். கார்த்திகை விளக்கு ஆர்டரை இணையத்தில் வாங்குவதற்காகப் புதிதாக ஒரு வெப் சர்வரை வாங்கி வைத்தார். அதன் பிறகு பொறுக்கவில்லை.

"ஆன்றோ, திங்கக்கெழம காலைல சைட்டு தொறக்கணும். இல்லன்னா கடலூர்லேர்ந்து வேற ஆள் வருவான். அப்புறம் நீ வூட்லயே குந்தி அழுவலாம். ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனது அதனால்தான். வழியில் மாமனார் காஸ்பர் போன் செய்தார்.

"சாயந்திரம் சர்ச்சு சாமியார் தீர்த்தம் தெளிச்சி கல்லறை மந்திரிக்க வராரு. வரீங்களா மாப்ள?"

"வேலை இருக்குது மாமா."

"சரி. அவகிட்ட சொல்லிடறேன்."

வைத்துவிட்டார்.

யூனிட்டில் கொளஞ்சிநாதன் மட்டும் இருந்தார். சூளைக்காரர். எரிகிற சூளைக்கு ஞாயிறு கிடையாது.

சர்வர் நன்றாக ஓடியது. சர்வரின் திரையிலேயே திறந்தால் சைட் வந்தது. என் மேசையிலிருந்து திறந்தால் வரவில்லை. கொளஞ்சிநாதனிடம் ஆபீஸ் வைஃபை கொடுத்து, அவர் போனில் திறக்கச் சொன்னேன்.

"சுத்திக்கிட்டே இருக்குது சார். நம்ம மண்ணு அரைக்கிற மிசினு மாதிரி."

சர்வரின் ஃபயர்வாலைப் பார்த்தேன். வழி திறந்துதான் இருந்தது. கேபிளை மாற்றினேன். கேபிள்கள் சேரும் சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஊதினேன். முகமெல்லாம் வெள்ளைத் தூசு. இந்த ஊரில் எதைத் திறந்தாலும் அந்தத் தூசுதான். ஆனாலும் சைட் வரவில்லை.

மதியம் சாப்பிடவில்லை. வெளிச்சம் இறங்கியது. கொளஞ்சிநாதன் சூளைக்குத் திரும்பினார்.

நான் பிங் அடித்தேன். பிங் என்பது வேறொன்றுமில்லை. வலையில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்பது. இருந்தால் பதில் வரும். சர்வருக்கு நான் கொடுத்திருந்த எண் நாற்பத்தேழு.

பதில் வந்தது. வரிவரியாக வந்துகொண்டே இருந்தது.

அப்படியானால் வழி சரி. சர்வரில்தான் ஏதோ கோளாறு. அணைத்துப் போடலாம் என்று அணைத்தேன். நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கினேன்.

திரும்பித் திரையைப் பார்த்தேன்.

பதில் வந்துகொண்டிருந்தது.

கேபிள் என் கையில் இருந்தது. சர்வரின் விசிறி நின்றுவிட்டது. அறையில் சத்தமே இல்லை. நாற்பத்தேழு மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. இருக்கிறேன்... இருக்கிறேன்...

அப்போதுதான் உறைத்தது. அந்த எண்ணை நான் யோசித்துக் கொடுக்கவில்லை. கை தானாக அடித்த எண் அது. முன்பு ரெஜினாவின் போனுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் என் மேசையிலிருந்து நாற்பத்தேழுக்குப் பிங் அடிப்பேன். அவள் சூளைப் பக்கமிருந்து ஆபீசுக்குள் நுழைந்ததும் பதில் வரும். நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். அவள் போன பிறகு அந்த எண் காலி என்று நினைத்திருந்தேன்.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். வைஃபையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும்.

என் போன்.

ரெஜினா.

நான் வைத்த பெயர்தான். பக்கத்தில் சிக்னல் கோடு. ஒரு கோடு என்றால் தூரம். ஒரு கோடுதான் இருந்தது.

அவள் போன் ஆஸ்பத்திரியில் காணாமல் போனது. எவனோ எடுத்துவிட்டான் என்று விட்டுவிட்டேன். திருடியவன் வாசலில் நிற்கிறானா? எங்கள் வைஃபை வாசல் வரை எட்டாது.

இரண்டு கோடு.

"கொளஞ்சி அண்ணே!"

"என்னா சார்?" சூளைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"கேட்ட பூட்டி சாவி என் மடியிலதான் இருக்குது. எவன் வருவான், இந்தச் சூட்டுல?"

மூன்று கோடு.

மணி பார்த்தேன். ஐந்தே கால். கல்லறையில் மந்திரிக்கிற நேரம்.

நான்கு கோடு. அதற்கு மேல் கோடு கிடையாது. நான்கு என்றால் கை நீட்டினால் எட்டும் தூரம்.

ர்ர்ர்...

மரத்தின் மேல் வைத்த போன் அதிர்கிற சத்தம்.

ர்ர்ர்... ர்ர்ர்...

பக்கத்து மேசை. அவள் மேசை.

மேலே ஒன்றும் இல்லை.

தூசு மட்டும்.

ர்ர்ர்...

தூசு நடுங்கியது.

எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை. கோபம். நான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ராத்திரியெல்லாம் கேட்டேன், இல்லை. கனவில்கூட இல்லை. இன்றைக்கு, என் பிழைப்பு போகிற நாளில், இந்த எண்ணுக்காக.

ரெஜினா என்ற பெயரைத் தொட்டேன். ரூட்டர் கேட்டது. இந்தக் கருவியைத் தடுக்கவா?



தடுத்தேன்.

சத்தம் நின்றது. பிங் நின்றது. கேபிளைச் செருகி சர்வரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கொளஞ்சிநாதன் போனோடு ஆபீஸ் கதவில் நின்று கத்தினார்.

"சார்! வந்துடுச்சு சார்! பொம்மையெல்லாம் வருது!"

ஒரே எண்ணை இரண்டு கருவிகள் வைத்திருந்ததுதான் கோளாறு. சர்வருக்கு வேறு எண் கொடுத்திருந்தால் போதும். ஒரு நிமிட வேலை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் அது தோன்றியது.

மறுநாள் சைட் திறந்தது. "பரவால்லடா, ஒனக்கு மூள இருக்குது" என்றார் முதலாளி. நான் ரூட்டரில் தடையை நீக்கிவிட்டு, சர்வருக்கு வேறு எண் கொடுத்துவிட்டு, நாற்பத்தேழுக்குப் பிங் அடித்தேன். பதில் இல்லை. இன்றுவரை அடிக்கிறேன். பதில் இல்லை.

அன்று மாலையில் காஸ்பர் மாமா வீட்டுக்குப் போனேன்.

"மாமா, ரெஜினா போன் எங்க?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்ககிட்ட சொல்ல வேணான்னு இருந்தேன் மாப்ள. அவ கையிலேர்ந்து எடுக்க முடியல. வெரலு விடல. நர்ஸும் பாத்தாங்க, நானும் பாத்தேன். ஒடச்சிதான் எடுக்கணும்னாங்க. என் பொண்ணு வெரல எப்பிடி ஒடைக்கறது? உங்க கண்ணுல படாம துணியப் போத்தி அப்பிடியே பெட்டில வச்சிட்டோம்."

கல்லறை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். யூனிட் ஊரின் இந்தப் பக்கம். நான்கு மாதம் மண்ணுக்குள் கிடந்த போன்.

சுவரில் அவள் படம். அதன் கீழே முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த நினைவு அட்டை. 'இயேசுவே, என் கணவரை உம்மிடம் ஒப்படைக்கிறேன்' என்று சொல்லிக் கண்மூடினாள் என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். எழுதியவர் மாமா. அவர் அப்போது அங்கே இல்லை. வார்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

தன் அம்மாவிடம் வீடியோவில் பேச வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்.

"நெட்டு வரலங்க. வெளிய போயி என்னன்னு பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கட் பண்ணாம புடிச்சிக்கிட்டே இருக்கறேன்."