விளம்பரம் வராத சாயங்காலம்

என் அத்தை தையல்காரி. டிவிக்கு எதிரேதான் அவளுடைய மெஷின். நாடகம் ஓடும்போது தைத்து முடித்த சட்டைகளுக்குக் கையால் பட்டன் கட்டுவாள். விளம்பரம் வந்ததும் மெஷினை மிதிப்பாள். மெஷின் சத்தத்தில் வசனம் கேட்காதல்லவா?

இதெல்லாம் தெரியாமல், நெடுநாள் ஊர் சுற்றிவிட்டு வந்த நான் அவளுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தேன். நாடகத்தைப் பதிவு செய்துகொண்டு, விளம்பரங்களைத் தானே தாண்டிப் போய்விடும் பெட்டி.

அன்று சாயங்காலமே அதை மாட்டி, பதிவான நாடகத்தை ஓடவிட்டேன். மறுநாள் காலை அத்தை பள்ளிச் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும். பட்டன் கட்ட இனிச் சட்டை இல்லை. வெட்டிய துணி மட்டும் குவிந்து கிடந்தது. அத்தை திரையையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன்டி, இவங்க மூச்சே விடமாட்டாங்களா? விளம்பரம் எப்ப வரும்?”

“வராது அத்தை. வேணும்னா நீயே நிறுத்திக்கலாம்.”

“எந்த இடத்துல?”

“எங்க வேணா.”

“அவ அழுதுட்டிருக்கா. பாதி அழுகையில விட்டுட்டு வந்தா எனக்குத் தையல் நேராப் போகுமா?”

ரிமோட்டில் கட்டைவிரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு காட்சியிலும் விரல் அழுத்தப் போய்த் திரும்பியது. நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறவளுக்கு ஏன் நிறுத்த முடியவில்லை என்று எனக்கும் புரியவில்லை.

கடைசியில் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு டிவியைப் பழையபடி ஓடவிட்டேன். ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. அத்தையின் கால் மெஷினுக்குத் தாவியது.

“போடு ராசா, இன்னும் நாலு போடு!” என்றாள் டிவியிடம்.

நாடகம் திரும்புவதற்குள் ஒரு சட்டைக்குக் கை ஏறிவிட்டது.