பாட்டுப் பாடிய 'கம்ப்யூட்டர் பாகம்'

அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேச மைக் வைத்த ஹெட்போன் எல்லோரும் கேட்கவே, முதல்முறையாக நானே இறக்குமதி செய்தேன். சுங்க வேலையை எங்கள் வீதியில் பல வருடமாகப் பழக்கமான கிளியரிங் ஏஜென்ட் அண்ணனிடம் கொடுத்தேன். "ஹெட்போன்னே போட்டிருங்கண்ணா" என்று சொல்லியும் இருந்தேன்.

"நீ கடையைப் பாரு அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சரக்கு தூத்துக்குடி துறைமுகத்தில் நின்றது. சுங்கத்தில் விளக்கம் கேட்டார்கள், இருவரும் போனோம். வரி குறையும் என்று அவர் அதைக் கம்ப்யூட்டர் பாகமாகக் காட்டியிருந்தது அங்கேதான் தெரிந்தது. அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்து, ஹெட்போனைத் தன் செல்போனில் செருகி என் காதருகே பிடித்தார். பாட்டு கேட்டது.

"இது கம்ப்யூட்டருக்கு மட்டுமாம்மா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அதிகாரியைப் பார்த்து, "பார்ட்டி சொன்னதைத்தானுங்க சார் எழுதினேன்" என்றார். வாய் கூசவில்லை. அத்தனை வருடம் அம்மிணியாக இருந்தவள் ஒரு நிமிடத்தில் யாரோ ஒரு பார்ட்டியாகிவிட்டேன். சரக்கு என் பெயரில் வந்ததால் அபராதம் என் தலையில் விழுந்தது.

இப்போது வேறு ஏஜென்ட். சரக்கு என்ன என்பதை நானே எழுதி அனுப்புகிறேன். சுங்கவரிப் பட்டியலில் எந்தத் தலைப்பில் காட்டப்போகிறார் என்று படித்துப் பார்த்த பிறகே தாக்கல் செய்யச் சொல்கிறேன்.

அண்ணன் இன்றும் வீதியில் எதிர்ப்பட்டால், "நல்லாருக்கியா அம்மிணி?" என்கிறார்.

"பார்ட்டி நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடக்கிறேன்.