பச்சைக் கட்டம் பதினொன்று

எங்கள் வீட்டில் பிள்ளைகளை முகம் பார்த்து எண்ணுவதில்லை. துணி பார்த்துதான் எண்ணுவோம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆவடியில் பதினொரு பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

பதினொன்றில் ஒன்றுகூட நாங்கள் பெற்றதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் என் மனைவி வயிற்றில் எதுவும் தங்கவில்லை. திருமுல்லைவாயிலில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு. என் அப்பா அங்கே அடுத்தவர் வயலில் சேற்றில் இறங்கி வேலை செய்தார். நான் அம்பத்தூரில் இரும்பு வார்க்கும் கம்பெனியில் அச்சுக்கு மண் அள்ளினேன். ஆக, மண்ணை விட்டு எங்கள் குடும்பம் எங்கேயும் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமும் போகவில்லை. நான் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டில் வளர்ந்த பெரியவள்தான் இதை எழுதுகிறாள்.

கம்பெனியில் கூட வேலை செய்தவன் ஒருவன் காய்ச்சலில் போனான். அவன் பெண்டாட்டி முன்னமே போய்விட்டாள். இரண்டு பிள்ளைகள். ஒரு வாரம் வைத்திருக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அதற்குப் பிறகு சபையில் இருந்து இரண்டு, போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஒன்று, அனாதைப் பிள்ளைகளைப் பார்க்கிற ஆபீஸ் அம்மா கூட்டி வந்தது ஆறு என்று வந்துகொண்டே இருந்தது. அந்த ஆபீஸ் அம்மா ஒவ்வொரு தடவையும் "ஒரு மாசத்துக்கு மட்டும்" என்பார். என் மனைவி சொல்லுவாள்: "மாசமா வருசமான்னு நான் கேட்டனா? புள்ள சோறு துன்னுமா துன்னாதா, அத மட்டும் சொல்லும்மா."

தினமும் பொழுது சாய்ந்ததும் ஜெபம். சின்னதில் இருந்து பெரியது வரைக்கும் ஒவ்வொன்றும் வாய்விட்டு ஜெபம் பண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் சோறு. பசி முற்றிய பிள்ளைகளின் ஜெபம் ரொம்பச் சின்னதாக இருக்கும். ஒரு பயல் ஒருநாள், "ஏசப்பா, நாளைக்கு உப்புமா வோணாம், ஆமென்" என்றான். என் மனைவி கண்ணைத் திறக்காமலே, "உப்புமா கிண்டறது ஏசப்பா இல்லடா, நானு. எங்கிட்ட ஜெபம் பண்ணு" என்றாள். பக்கத்து வீட்டம்மா ஆடி மாதம் கூழ் ஊற்றினால் ஒரு அண்டா எங்களுக்கு வரும். அதற்கும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குடிப்போம். "குடிங்க குடிங்க, எங்க ஆத்தா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா" என்று அந்தம்மா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்.

துணியில் அல்லவா ஆரம்பித்தேன். வருஷத்துக்கு ஒரு தரம் என் மனைவி ஆவடி மார்க்கெட்டில் ஒரே துணியாக மொத்தமாக எடுப்பாள். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன், மிச்சத்தில் தலையணை உறை. அந்த வருஷம் பச்சைக் கட்டம். எங்கே கூட்டிப் போனாலும் அதைத்தான் போட்டு விடுவோம். கூட்டத்தில் பச்சைக் கட்டம் பதினொன்று இருந்தால் சரி, நிம்மதியாகத் தூங்கலாம்.

பதினொன்றாவதாக வந்தவள் ஏழு வயதுப் பெண். அவளைப் பெற்றவள் ஆவடி பஸ் நிலையத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இங்கயே நில்லு, பன்னு வாங்கினு வந்துடறேன்" என்று போயிருக்கிறாள். போனவள் போனவள்தான். மறுநாள் காலையில் பூக்காரி பார்த்துச் சொல்லிப் போலீஸ் வந்தபோதும் இந்தப் பெண் தூணை விட்டு நகரவில்லையாம். எங்களிடம் வந்து ஐந்து மாதம் ஆகியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. ஜெபத்தில் அவள் முறை வந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். என் மனைவி அவளுக்கும் சேர்த்து ஆமென் சொல்லிவிடுவாள். மற்றப் பிள்ளைகளைப் போல என்னை நைனா என்றும் கூப்பிட மாட்டாள், யோவ் என்றும் கூப்பிட மாட்டாள். யாராவது "இரு, வந்துடறேன்" என்றால் போதும், கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதனால் அவளிடம் அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் ஒருத்தரும் சொல்லவில்லை. சொன்னது நான்.

பூந்தமல்லியை ஒட்டி, கரையான்சாவடிக்குப் பக்கத்தில் என் மனைவியின் தாய்வீட்டுச் சபை. அங்கே அறுப்பின் பண்டிகை. விளைந்ததையும் வளர்த்ததையும் ஜனங்கள் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், முட்டை, ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். எங்கள் பிள்ளைகள் பாட்டுப் பாட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பாடினார்கள். பாதிப் பேர் ஒரு ராகம், மீதிப் பேர் ஒரு ராகம். போதகர் ரொம்ப நல்லவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஏலத்தில் எனக்கு ஒரு சேவல் விழுந்தது. சிவப்புச் சேவல், நல்ல கொண்டை. காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தால், அதற்குள் எங்கள் பயல்கள் இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிவிட்டார்கள் என்று கூச்சல். கையில் சேவலோடு எப்படிப் பிடிப்பது? வேப்பமரத்தடியில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றில் ஓடாத பிள்ளை அவள் ஒருத்திதான். சேவலை அவள் கையில் கொடுத்து, "இங்கயே நில்லு, வந்துடறேன்" என்றேன்.

சொன்னது எனக்கே காதில் விழவில்லை.

பயல்களைப் பிழிந்து காயப்போட்டு, ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பாடு முடித்துக் கிளம்புவதற்குள் ஆவடி பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போதோ. என் மனைவி முன்படியில் ஏற்றினாள், நான் பின்படியில் நின்று எண்ணினேன். பச்சைக் கட்டம் பதினொன்று. ரைட் என்று நானே விசில் அடிக்காத குறை.

வீட்டுக்கு வந்து எல்லாரும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னாயா, புதுசா ஒரு புள்ளய ஒத்துக்கினு வந்துகீற, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எந்தப் புள்ள?"

"தோ, சொம்புல தண்ணி குடிக்குதே, அந்தப் புள்ள."

பார்த்தேன். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. ஆறு வயது இருக்கும். பஸ்ஸிலேயே அவனைப் பார்த்தேன்தான்.

"அத நீ கூட்டினு வந்தேன்னு இல்ல நான் நெனச்சேன்" என்றேன்.

மற்ற வீடாக இருந்தால் பஸ் படியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் புது முகம் ஒன்று வந்து உட்கார்ந்தால் யாருக்கும் அது அதிசயம் இல்லை. பிள்ளைகளும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். பெரியவன் ஒருவன் பாதி முறுக்கை உடைத்து அவனுக்குக் கொடுத்துக்கூட இருக்கிறான்.

"யாருடா நீ?" என்றாள் என் மனைவி.

"நான் பூந்தமல்லி."

"எதுக்குடா எங்ககூட வந்த?"

"பாட்டு பாடுனாங்க. பஸ்ல ஏறுனாங்க. நானும் ஏறுனேன்" என்றான், எல்லாம் சரியாகத்தானே நடந்திருக்கிறது என்பது போல.

மில்லில் எங்களுக்காக மட்டுமா துணி நெய்தார்கள்? பூந்தமல்லியிலும் விற்றிருக்கிறார்கள். அப்படியானால் பஸ்ஸில் ஏறாத பச்சைக் கட்டம் எது? நான் முதலில் நினைத்தது சேவலை. சேவல் எங்கே என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சேவலைப் பிடித்திருந்த கை நினைவுக்கு வந்தது. இதை இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா சொல்லி நிறுத்துன?" என்று கேட்டாள். சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, அந்தப் பையனை என் கையில் பிடித்துக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்தாள்.

"கேட்டா, உன்ன நம்பித்தான் சேவலுக்குக் காவல் வெச்சேன்னு சொல்லு. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதயா. அது தாங்காது."

ஆவடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பையன் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "உங்க ஊட்ல டெய்லி இவ்ளோ பேரா?" என்றான். ஆமாம் என்றேன். "அடிப்பாங்களா?" என்றான். "அம்மா அடிக்கும். ஓடிட்டா வுழாது" என்றேன். "அப்ப நான் அங்கயே இருந்துக்கறேன்" என்றான். எனக்கு அவனோடு பேச மனசு இல்லை. கர்த்தாவே, அவள் அங்கேயே நிற்கட்டும் என்று வேண்டினேன். அடுத்த நிமிஷமே, ஐயோ, நிற்க வேண்டாம், யாராவது உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்திருக்கட்டும் என்று வேண்டினேன். எதைக் கேட்பது என்றே தெரியாமல் பருத்திப்பட்டு வரைக்கும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சபைக் கோயில் வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. படியில் ஒரு அம்மா தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தது. பையனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து, அவனை இழுத்து அணைத்து, முதுகில் நாலு வைத்து, மறுபடி அணைத்து, அதற்குப் பிறகு என்னிடம் திரும்பியது.

"யோவ்! புள்ள புடிக்கிறவனா நீ? மூஞ்சப் பாத்தா ஆளு நல்லாத்தான கீற!"

"தப்புதாம்மா. எண்ணிக்கைல தப்பிப் போச்சு."

"எண்ணிக்கையா? இன்னா, ஆடா ஓட்டினு போன?" அது மூச்சு வாங்கிக்கொண்டு, "அங்க பாரு, உன் எண்ணிக்கைய" என்று கையைக் காட்டியது.

வேப்பமர நிழல் கிழக்கே நகர்ந்துவிட்டது. அவள் நகரவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் யாருடைய துண்டோ போட்டிருந்தது. சேவலை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். சேவல் தூங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வான்னு எவ்ளோ கூப்ட்டேன்" என்றது அந்த அம்மா, குரல் இறங்கி. "ஒரு ஆளு நிக்க சொல்லிச்சுன்னு சொல்லுது, வேற ஒண்ணும் சொல்லல. எம்புள்ளயத் தேடறதா, இதப் பாத்துக்கறதா? துண்ட மட்டும் போட்டு வுட்டேன். போ, போயி பாரு."

போனேன். அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் ஏதோ சுவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறது. பருத்திப்பட்டு தாண்டியதில் இருந்து, என் மனைவி சொல்லிக்கொடுத்த சேவல் கதையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். நல்ல கதைதான். அவளும் நம்பியிருப்பாள்.

அவளே கேட்டாள். "மறந்துட்டியா, இல்ல வோணாம்னு வுட்டுட்டியா?"

கையில் நடுக்கம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கதை சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை.

"மறந்துட்டேன்" என்றேன். "சுத்தமா மறந்துட்டேன். ஊட்டுக்குப் போயிதான் ஞாபகம் வந்திச்சு. உடனே ஓடியாந்தேன்."

அவள் யோசித்தாள். சேவலின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"மறந்துதான் போனியா?"

"சத்தியமா மறந்துதான் போனேன்."

"சரி" என்றாள். சேவலை என் மேல் தள்ளினாள். "கை வலிக்குது. நீ தூக்கினு வா."

அந்த அம்மாவுக்குத் துண்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், கொஞ்ச தூரம் போனதும் ஆரம்பித்தாள். ஐந்து மாதம் பேசாததை எல்லாம் அன்றைக்குப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"எல்லாத்துக்கும் மூஞ்சி கீதுல்ல? மூஞ்சப் பாத்தா இன்னாவாம் ஒனக்கு? அவன் எங்கூட்டுப் புள்ளயா? அவனுக்கு முன்பல்லே கெடையாது. எங்கூட்ல பல்லு இல்லாதவன் ஒருத்தன்தான். ரெண்டு பேரு பல்லு இல்லாம ஏறுனா தெரியாதா? பச்சையா ஒரு மூட்டைய ஏத்திவுட்டா அதயும் எண்ணியிருப்ப நீ!"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர், ஒரு கையில் சேவலோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, மாமியாரா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள். "எங்க நைனா. எண்ணத் தெரியாது இதுக்கு. கம்பெனில எப்டி வேலைக்கு வெச்சிகீறாங்களோ."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பருத்திப்பட்டு தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.