அத்திம்பேர் தோட்டத்து நித்தியகல்யாணி

அக்கா புருஷனை நான் அத்திம்பேர் என்றுதான் கூப்பிட்டேன். வாய்ப் பழக்கம், வேறொன்றுமில்லை. மரியாதை எல்லாம் எப்போதோ போய்விட்டது.

அறுபதுகளின் நடுவில் அக்காவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது, கரையவே இல்லை. தென்னூர் டாக்டர் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய்தான்.

"புதுசா ஒரு ஊசி வந்திருக்குங்க. மெட்ராஸ்ல போடறாங்க. குணமாயிடும்னு சொல்ல மாட்டேன். கட்டி கரையலாம், கொஞ்ச காலம் நல்லா இருக்கலாம்" என்றார். எங்களுக்குத் தெம்பு வரட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அதோ பூத்திருக்கே நித்தியகல்யாணி, அதுலேர்ந்துதான் எடுக்கறாங்க."

அத்திம்பேர் முகம் சுண்டிவிட்டது. கொள்ளிடக்கரைச் சுடுகாட்டில் அந்தச் செடி மண்டிக் கிடக்கும். அதனால் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டார் அதை வாசல்படி ஏற்ற மாட்டார்கள்.

"சுடுகாட்டுப் பூவை ஒரு சுமங்கலி உடம்புல ஏத்தறதாவது! பெருமாள் பார்த்துப்பார்" என்றார் திரும்பும் பஸ்ஸில். பெருமாளுக்கு வேறு வேலையில்லை பாருங்கள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பூவா இருந்தா என்னடா? எனக்கு உயிரோட இருக்கணும். என்னை அழைச்சுண்டு போ."

மறுவாரம் ரயில் டிக்கெட்டோடு போய் நின்றேன். அக்கா பையோடு தயாராக இருந்தாள். மகானுபாவர் வாசலை மறித்துக்கொண்டார்.

"தாராளமா போகட்டும். திரும்பி இந்தப் படி ஏறப்படாது. குழந்தைகளைக் கண்ணால பார்க்க முடியாது."

சின்னது அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தது. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டாள்.

பங்குனியில் போய்விட்டாள். "பூவும் பொட்டுமா போனா, புண்ணியவதி" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் புண்ணியத்தைத் தானே வாங்கிக் கொடுத்ததுபோல் அத்திம்பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சீ, இவனும் ஒரு மனுஷனா என்றிருந்தது எனக்கு.

சில வருஷம் கழித்துக் குழந்தைகளைப் பார்க்கப் போனேன். கொல்லையில் கிணற்றைச் சுற்றி வரிசையாக நித்தியகல்யாணி. அத்திம்பேர் குனிந்து பூப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை வியாதி வந்துடுத்துப்பா. வெறும் வயத்துல இதைத் தின்னா நல்லதுங்கறா."

"இது சுடுகாட்டுப் பூவாச்சே, அத்திம்பேர்?"

"மருந்துன்னு வந்துட்டா அதெல்லாம் பார்க்கப்படாது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பூவைப் பறித்தார்.