உடைந்த பம்பரில் சிவப்பு நூல்

மைத்துனரின் காரை வீட்டு வாசல் கேற் தூணில் இடித்து முன் பம்பரை உடைத்துவிட்டேன். அவர் கொழும்பிலிருந்து வருமுன் மாற்றியாக வேண்டும். கொக்குவிலில் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஒருவரிடம் போனேன். மெலிந்த, நரைத்த மீசைக்காரர்.

"முதல் உடைஞ்சதைக் காட்டும் தம்பி."

காரின் முன்னால் குந்தியிருந்து, வெடிப்பு நெடுக விரலால் தடவினார். அதற்குள்ளிருந்து ஒரு சிவப்பு நூலை இழுத்தெடுத்தார்.

"ஆரை இடிச்சனீர்?"

"ஒருத்தரையும் இல்லை அண்ணை. கேற் தூண்தான்."

"இது உடுப்பு நூல்."

என் முகத்தைவிட்டு அவர் பார்வை அசையவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. பம்பர் விழாமலிருக்க, மனைவியின் பழைய சிவப்புச் சேலைத் துண்டால் கட்டித்தான் ஓட்டி வந்திருந்தேன். வந்ததும் அவிழ்த்து டிக்கியில் போட்ட துண்டை எடுத்துக் கொடுத்தேன். நூலை அதன்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகே எனக்கு ஒரு பம்பரை எடுத்துக் காட்டினார். கீறல் இல்லை, காரில் மாட்டும் கொளுவிகளும் முறியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

"எல்லாரிட்டையும் உப்பிடித்தான் கேக்கிறனீங்களோ அண்ணை?"

"ஓம். இடிச்சுப்போட்டு நிக்காமல் போனவனும் ஒருநாள் பம்பர் தேடி வரத்தானே வேணும்."

யாரை இடித்துவிட்டுப் போனவன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அந்த வழியால் போகும்போது, யாருடைய காரின் முன்னாலாவது அவர் குந்தியிருக்கிறாரா என்று பார்க்கிறேன்.