பந்தலுக்கடியில் ஒரு நோயாளி

போன வருடம் சில மாதங்கள் நான் சாயங்காலம் ஆனதும் நோயாளியாகிவிடுவேன். ஒருநாள் வயிற்றுவலி, இன்னொரு நாள் நெஞ்செரிச்சல், மற்றொரு நாள் மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டவன். எல்லாம் ஆங்கிலத்தில். நடந்த இடம் சுருளிப்பட்டியில் இருக்கும் எங்கள் திராட்சைப் பந்தல். என்னை விசாரித்தது என் மனைவி.

அவள் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்து போய் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அது படிக்கிற காலத்திலிருந்தே இருப்பது, என்னைக் கட்டுவதற்கும் முந்தையது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறி, பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போவதற்கு ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. எழுதுவது, வாசிப்பது, கேட்பது மூன்றிலும் தேறியவள் பேச்சில் மட்டும் முதல் தடவை கோட்டைவிட்டாள். பேச்சுத் தேர்வு என்பது நாடகம் மாதிரி. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ நடிப்பார். இவள் நர்ஸாக இருந்து விசாரித்து, ஆறுதல் சொல்ல வேண்டும்.

தேனியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்கிறவள் இதில் எப்படித் தோற்றாள் என்று எனக்கு விளங்கவில்லை. குமுளிக்கு மேலே இருக்கும் ஒரு மலையாள அம்மாதான் விளக்கினார். வெளிநாட்டில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர், போனிலேயே வகுப்பு எடுத்தார்.

"மோளே, உன் இங்கிலீஷ்ல தப்பே இல்ல. ஆனா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு. நோயாளி பயந்துபோவான்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

விஷயம் இதுதான். புத்தகம் ஒன்றைச் சொல்லித்தருகிறது, ஜனங்கள் வேறொன்றைப் பேசுகிறார்கள். வாந்தி எடுத்ததற்கு நாம் படித்தது 'வாமிட்டெட்'. அங்கே வீட்டுப் பேச்சில் 'த்ரூ அப்' என்பார்களாம். மேலே எறிந்தேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு நான் கூரையைப் பார்த்தேன். வலி தொடங்கினால் 'கேம் ஆன்', மருந்தின் வேகம் தணிந்தால் 'வோர் ஆஃப்', மயங்கி விழுந்தால் 'பாஸ்டு அவுட்', நோயிலிருந்து மீண்டால் 'காட் ஓவர்'. வந்தேன், போனேன், வைத்தேன் என்று ஒன்றாம் வகுப்பில் படித்த சொற்கள்தான். பின்னால் ஒட்டுகிற சுண்டைக்காய்ச் சொல்தான் உயிரை எடுக்கிறது. 'லுக்டு ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொண்டேன், 'லுக்டு ஃபார்' என்றால் தேடினேன், 'லுக்டு இன்டு' என்றால் விசாரித்தேன். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு ஒருத்தன் இவ்வளவு வேலை செய்ய முடியுமா?

"ஒரு சொல்லை ஒழுங்கா விட மாட்டானுகளா?" என்று கத்தினேன்.

"நம்ம மட்டும் என்னவாம்?" என்றாள். "எடுத்துக்கிட்டான், எடுத்துட்டான், எடுத்துத் தொலைச்சான். மூணும் ஒண்ணா?"

நான் தாடையைச் சொறிந்துகொண்டு மோட்டாரை நிறுத்தப் போனேன்.

அந்த அம்மா கேள்வி அட்டைகளை அனுப்பிவைத்தார். தினமும் ஓர் அட்டை. அதில் இருப்பதை மனப்பாடம் செய்து நோயாளியாகப் பேச வேண்டியது நான். பட்டப்படிப்பு படித்தவன்தான், ஆனாலும் திராட்சைக்கு வந்தபின் ஆங்கிலம் எனக்குப் பூச்சிமருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தோடு சரி. காலை ஷிப்ட் முடித்து, தேனியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினால் நேரே தோட்டத்துக்கு வந்துவிடுவாள். மருந்துக் கேன்மேல் அவள், வரப்பில் நான். போனில் ஐந்து நிமிஷத்துக்கு மணி வைத்துவிட்டு, முகத்தை மாற்றிக்கொண்டு, "ஹலோ, ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?" என்பாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பிப்பேன்.

பழம் வெட்ட வந்த பெண்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்குச் சித்தி முறை.

"ஏய்யா, வயித்துல என்னமோ கட்டியாமே, சொன்னாக. ஒம் பொண்டாட்டி தெனமும் தோட்டத்துக்கு வந்து பாக்குறாளாம். வீட்ல பேசுனா பிள்ள பயந்துரும்னு அங்கன வச்சுப் பேசிக்கிறீகளாக்கும்?"

பரீட்சைக்கு நடிக்கிறோம் என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பவே இல்லை. "மறைக்காதய்யா, மதுரையில காட்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் போனபின் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் சாத்துக்குடியை உரித்து மகளுக்குக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தி நோயைத்தான் தப்பாகச் சொன்னார். பிள்ளை பயந்துவிடும் என்று தோட்டத்தில் வைத்துப் பேசிக்கொண்டது நிஜம். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவளிடம் அம்மா போகப்போகிறாள் என்று எப்படிச் சொல்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சுற்றிவளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மறுபடியும் தேறாவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. தேறிவிட்டால் அந்த முகத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும். அவள் நன்றாகப் பேசின நாளில் கை தட்டிவிட்டு, பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் திணறின நாளில் நான்தான் அவளைவிடச் சோர்ந்துபோவேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போய்வா என்று சொல்லவும் வரவில்லை. மழை வருமா, பிஞ்சில் நோய் விழுமா என்று வானத்தைப் பார்த்துப் பழகியவன்தான் நான். அதற்காவது அடிக்க ஒரு மருந்து இருக்கிறது.

தேறிவிட்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் விமானம். மகளிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் தேர்வுக்கு முந்தின சாயங்காலம் பந்தலில் நடந்ததுதான் இன்னும் என்னை விடவில்லை.

அன்றைய அட்டையில் எனக்கு நோய் இல்லை. நான் ஒரு நோயாளியின் கணவன். மனைவியைத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள், எனக்குக் கவலை, தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மணி வைத்துவிட்டு அவள் மென்மையாகக் கேட்டாள்: "டெல் மீ வாட் ஹாப்பண்டு." என்ன நடந்தது, சொல்லுங்கள்.

"ஷி வென்ட் அவே" என்றேன். அவள் போய்விட்டாள்.

அட்டையில் அப்படி இல்லை. அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு, தேர்வில் செய்வது போலவே தலையாட்டினாள். அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. காலையில் 'காட் அப்', எழுந்தேன் என்றேன். மகளை 'வோக் அப்', எழுப்பினேன். சடை பின்னினேன், பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் ரிப்பன் 'கேம் ஆஃப்', கழன்று விழுந்துவிட்டது. சாயங்காலம் வந்தவள் அம்மாவை வீடு முழுக்க 'லுக்டு ஃபார்', தேடினாள். நாளைக்கு வந்துவிடுவாள் என்று 'புட் ஆஃப்', சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். பிறகு 'கேம் டவுன் வித் ஃபீவர்', காய்ச்சலில் படுத்துவிட்டாள். விடியும்வரை பக்கத்திலேயே 'சாட் அப்', தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். எந்த மாத்திரை கொடுப்பது என்று கேட்க ஆள் இல்லை.

இத்தனை மாதம் என்னிடம் தகராறு செய்த சுண்டைக்காய்ச் சொற்கள் ஒன்றுகூடப் பிசகாமல் வந்து உட்கார்ந்தன. என் ஆங்கிலத்தைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். போன் மணி அடித்தது. அவள் அதை அணைத்துவிட்டாள்.

"ஏங்க" என்றாள். நர்ஸ் முகம் போய்விட்டது. "நான் இன்னும் இங்கனதான இருக்கேன்? எல்லாம் நடந்து முடிஞ்ச மாதிரி சொல்றீக?"

"எனக்குத் தெனமும் நடக்குது" என்றேன். "தோட்டத்துல நிக்கும்போது, சாப்பிடும்போது, நீ பக்கத்துல இருக்கும்போதுகூட நடக்குது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து வந்து வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயந்தான். ஆனா போகணும்னும் இருக்கு. ரெண்டும் இருக்கு" என்றாள். பிறகு, "சரி, மிச்சத்தையும் சொல்லுங்க. அப்பறம் நான் எப்ப வந்தேன்?" என்றாள்.

சடையும் ரிப்பனும் காய்ச்சலும்வரை அத்தனையையும் பார்த்து வைத்திருந்தேன். அவள் பெட்டியோடு வந்து இறங்குவதை மட்டும் ஒருதடவைகூடப் பார்த்திருக்கவில்லை. இத்தனை நாளும் என் மனதுக்குள் அவள் போய்க்கொண்டே இருந்தாள், திரும்பவே இல்லை.

என் முகத்திலிருந்தே அவள் அதைத் தெரிந்துகொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள், கோபமா வருத்தமா என்று தெரியாதபடி இறுக்கமாக.

"'ஷி கேம் பேக்'னு சொல்லுங்க" என்றாள். "வந்துட்டாள்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொருக்கா" என்றாள்.