மூன்றாம் வரியின் கடைசியில்

ஜரீனா இறந்துவிட்டாள். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு. எனக்கு வந்த மின்னஞ்சலில் அது மூன்றாம் வரியின் கடைசியில் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் விடுப்பில், ஊரப்பாக்கத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை முதலாளி எல்லோருக்கும் அனுப்பிய கடிதத்தைத் திறந்தேன். இன்று அலுவலகம் கிடையாது என்ற முதல் வரியை முழுதாகப் படித்தேன். இரண்டாவதில் பாதி. பிறகு கண் இடது ஓரமாகவே கீழே வழுக்கிப் போனது. மூடிவிட்டேன்.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். தாம்பரத்தில் ஜவுளிக்கடை மாடியில் நாங்கள் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தோம். நான் எழுதுவேன், படிப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று அவள் பார்ப்பாள். கணினிக்கு மேலே ஒரு கைக்கண்ணாடியை ஒட்டியிருந்தாள். யாரையாவது உட்காரவைத்துப் பின்னால் நின்று, கண்ணாடியில் தெரியும் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவை சேற்றில் நடக்கும் நாரைபோல ஓரடி வைத்து, நின்று, அடுத்த அடி வைக்கும்.

பள்ளிக்கரணையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காகச் சதுப்பு நிலத்துக் காற்றையும் பறவைகளையும் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். தொலைபேசி எண் வலப்பக்கம் இருந்தது. கீழே டீக்கடை வைத்திருந்த அண்ணனை ஜரீனா அழைத்துவந்து, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு டாக்டரைத் தேடச் சொன்னாள். அவர் கண் இடது ஓரமாகவே இரண்டு முறை மேலும் கீழும் ஓடியது.

"இன்னாமா, நம்பரே இல்ல. இதுக்கு நானே புள்ளைய தூக்கினு ஓடிடுவேன்" என்றார்.

எண் அவர் எதிரிலேயே இருந்தது. நான் அன்று மதியம்வரை அவளோடு பேசவில்லை. பாதி டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா பயந்தவன் கண்ணு அழகப் பாக்காதுடி."

எண் இடது மேல் மூலைக்குப் போனது. என் வரிகளில் ஒன்றை மட்டும் அடியில் விட்டுவைத்தாள். டாக்டர் கிடைத்த பிறகு நிதானமாகப் படிப்பார்களாம்.

மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவள் வெளியே பார்த்ததில்லை. கேட்டால், "வெளிய ஓடறது எல்லாம் இவங்க கண்ணுலயே ஓடுதே" என்பாள். எதிரே இருந்தவர்களின் கண்களில் மரங்களும் விளம்பரப் பலகைகளும் சின்னச் சின்னதாகக் கடந்து போகும். நானும் பார்த்துக்கொண்டே வருவேன். நிலையம் வருவது தெரியாது.

அவளுக்கும் காய்ச்சல்தான். நான்கு நாளில் போய்விட்டாள். திங்களன்று அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.

"ஜரீனா இன்னும் வரலையா?"

முதலாளி தலை நிமிர்ந்தார். "மெயில் பாக்கலையாம்மா?"

பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்திருந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் மூன்றாவது நிலையம்தான். போயிருக்கலாம்.

அவளுடைய கண்ணாடி இப்போது என் திரைக்கு மேலே இருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்து, வலது ஓரம்வரை படிக்கிறேன். மூன்றாம் வரி முடியும் இடத்தில், கண்ணாடியில் என் கண்கள் நிற்கின்றன.